மஞ்சள் கண்ணும் கேஸ் மாத்திரையும்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 41. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். கணவர் இல்லை. அம்மா, மகன், நான் மூன்று பேர். பதினோரு வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன். பழைய மாத்திரை கேட்கவில்லை என்று ஐந்து மாதத்துக்கு முன்பு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது டெனோஃபோவிர்–லாமிவுடின் ஒன்று, அட்டசனாவிர்–ரிடோனாவிர் ஒன்று. மூன்றாவது வாரமே கண் மஞ்சளாகிவிட்டது. கம்பெனியில் எல்லாரும் காமாலை என்றார்கள். என் நோய் அம்மாவுக்குத் தெரியாது, சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து ஏழு நாள் கொடுத்தார். பத்தியத்தில் இங்கிலீஷ் மாத்திரை கூடாது என்றதால் அந்த ஏழு நாளும் எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன். கண் வெளுத்துவிட்டது. திரும்பத் தொடங்கியதும் மஞ்சளும் திரும்பியது.

முட்டி வலிக்கு இரண்டு மாதமாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறேன். அதில் வயிறு எரிந்ததால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள் (அட்டையில் பான்டோபிரசோல், டோம்பெரிடோன் என்று இருக்கிறது). மூன்று வாரமாகக் காலையில் வெறும் வயிற்றில் அதையும் மற்ற மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேன் ஏறுகிறேன். இப்போது கண் முன்பைவிட வெளுத்திருக்கிறது. கேஸ் மாத்திரை கல்லீரலுக்கும் நல்லதா? எலும்பு டாக்டர் முட்டியில் ஊசி போடலாம் என்கிறார், போடலாமா? கல்லீரல் கெட்டுப்போனதா? மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கேஸ் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். முட்டி ஊசியைத் தள்ளிப் போடுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மஞ்சள் கண் இல்லை. கண் வெளுத்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

மஞ்சள் ஏன் வருகிறது என்று முதலில் சொல்கிறேன். நம் ரத்தத்தில் பழசான சிவப்பணுக்கள் தினமும் உடைந்துகொண்டே இருக்கின்றன. அதிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி அதை மாற்றிப் பித்தத்தோடு வெளியே அனுப்புகிறது. அட்டசனாவிர் அந்த நொதியின் வேகத்தைக் குறைத்துவிடும். தாலுகா ஆபீசில் முத்திரை குத்துகிற ஒருவர் மெதுவாக வேலை செய்தால் மேசையில் கோப்புகள் சேரும், கட்டடம் இடிந்துவிடாது. அதுபோல பிலிருபின் ரத்தத்தில் கொஞ்சம் தேங்கிக் கண்ணில் தெரிகிறது, கல்லீரல் செல்கள் சாகவில்லை. வைரஸால் வரும் காமாலையில் செல்களே சேதமாகின்றன. இரண்டுக்கும் நிறம் ஒன்று, காரணம் வேறு.

இதை ரத்தப் பரிசோதனையில் பிரித்துப் பார்க்கலாம். மொத்த பிலிருபின் சாதாரணமாக 1 மில்லிகிராம் அளவில் இருக்கும். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது 3, 4 என்று போவதை அடிக்கடி பார்க்கிறோம். உயர்ந்த பகுதி 'இன்டைரக்ட்' என்ற வகையாக இருந்து, கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. சரியான அளவில் இருந்தால் அது மருந்தின் நிறம்தான். வீட்டிலேயே கவனிக்க ஓர் அடையாளமும் உண்டு: இந்த வகை மஞ்சளில் சிறுநீர் கறுக்காது. சிறுநீர் கட்டங்காபி நிறமாகி, மலம் வெளுத்து, சோறு இறங்காமல் வாந்தி வந்து, வலது விலாவுக்குக் கீழே வலித்தால் அது வேறு கதை. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. இருந்தாலும் உங்கள் ரத்த முடிவை நான் பார்க்கவில்லை. அதனால் இந்த வாரமே கூட்டு மருந்து தருகிற மையத்தில் கல்லீரல் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். உடன் மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகள் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இப்போது கீழாநெல்லிக்கு வருவோம். உங்கள் அம்மாவின் கணக்கில் மருந்து கொடுத்த ஏழாம் நாள் கண் வெளுத்தது, அதனால் கீழாநெல்லி ஜெயித்தது. அந்த ஏழு நாளும் நீங்கள் அட்டசனாவிர் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. மருந்தை நிறுத்தினால் சில நாட்களில் அந்த நொதி பழைய வேகத்துக்கு வந்துவிடும், கண்ணும் வெளுத்துவிடும். மோர் மட்டும் குடித்திருந்தாலும் இதே நடந்திருக்கும். தொடங்கியதும் மஞ்சள் திரும்பியதே, அதுவே சாட்சி. அம்மா மேல் கோபம் வேண்டாம். மகளின் கண் மஞ்சளானால் தமிழ்நாட்டில் எந்தத் தாயும் செய்வதை அவர் செய்தார். ஆனால் அந்த ஏழு நாளில் உங்கள் உடம்பில் இருந்த வைரஸைத் தடுக்க எதுவும் இல்லை.

அதே பாடத்தை இந்த மூன்று வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தவில்லை, தினமும் விழுங்குகிறீர்கள், ஆனாலும் கண் வெளுக்கிறது. என்ன அர்த்தம்? மாத்திரை வாய்க்குள் போகிறது, ரத்தத்துக்குள் போதிய அளவு போகவில்லை என்று சந்தேகப்படுகிறேன். அட்டசனாவிர் கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் என்று '-பிரசோல்' என்று முடிகிற எல்லாக் கேஸ் மாத்திரைகளும் செய்கிற வேலையே அமிலத்தை அடக்குவது. ஒமிப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் சேர்ந்த அட்டசனாவிரின் அளவு 76 சதவீதம் குறைந்தது. நான்கு பங்கில் மூன்று பங்குக்கு மேல் வீண். அதனால்தான் முதல் கட்ட மருந்து பலனளிக்காமல் உங்களைப் போல அடுத்த கட்டத்துக்கு வந்தவர்களுக்கு இந்த வகை மாத்திரை கூடாது என்பது விதி. உங்கள் அட்டையில் கூடவே இருக்கும் டோம்பெரிடோனும் உங்களுக்கு ஆகாது. ரிடோனாவிர் அதை உடம்பில் தேங்க வைக்கும். தேங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம்.

மெடிக்கல்காரர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வயிறு எரிகிறது என்றால் எல்லாக் கடையிலும் முதலில் கைக்கு வருவது அந்த அட்டைதான். நீங்கள் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் முட்டியில் தொடங்குகிறது. முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், அதுவும் சரியாகச் சாப்பிடாத வயிற்றில். அது இரைப்பையைப் புண்ணாக்கும். புண்ணுக்குக் கேஸ் மாத்திரை. அது உயிர்காக்கும் மருந்தைக் கரைய விடாமல் செய்தது. டைக்ளோஃபெனாக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: உங்கள் டெனோஃபோவிரும் சிறுநீரகம் வழியாகப் போகிற மருந்து. இரண்டையும் வாரக்கணக்கில் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் அடிபடலாம். அதனால் அதையும் விட்டுவிட்டு, வலி தாங்காத நாளில் பாராசிட்டமால் போடுங்கள். ரத்தம் எடுக்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினாலே எரிச்சல் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஜெலூசில் மாதிரியான ஆன்டாசிட் குடிக்கலாம், நேர இடைவெளி விட்டு. அட்டசனாவிர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முதலில் ஆன்டாசிட் குடித்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்கு மாத்திரை போடக் கூடாது. ஃபமோடிடின் என்ற வகையும் இருக்கிறது. ஆனால் டெனோஃபோவிரும் சேர்ந்திருக்கும்போது அதற்கு அளவுக் கணக்கு உண்டு, மையத்து டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ அது கடையில் தீர்கிற விஷயமில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறீர்கள் என்பது அடுத்த சிக்கல். இந்த மருந்து சாப்பாட்டோடு போனால்தான் நன்றாக உறிஞ்சப்படும். பெரிய விருந்து வேண்டாம், இரண்டு இட்லி போதும், ஒரு கிண்ணம் பழைய சோறும் போதும். டீ மட்டும் போதாது. வேன் வருகிற அவசரத்தில் காலை உணவு முடியாது என்றால், இரவு சாப்பாட்டுக்குப் பின் போடும்படி நேரத்தை மாற்றலாம். எந்த நாளில், எப்படி மாற்றுவது என்று மையத்து மருந்தாளுநரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து எப்படியும் சாப்பிடுகிறீர்கள், அது மாறாத நேரம். ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒரு சாப்பாட்டோடு மாத்திரையைக் கட்டிவிடுவதுதான் என் அனுபவத்தில் நிற்கிற வழி. மாத்திரையை உடைக்காமல், பொடிக்காமல் முழுதாக விழுங்குங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் அந்த வேளையை மட்டும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

தண்ணீரும் குடிக்க வேண்டும். கம்பெனியில் பாத்ரூம் போக அனுமதி கேட்பது சங்கடம் என்று பல பெண்கள் காலையிலிருந்து மாலை வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு வேலை பார்ப்பதை நான் அறிவேன். அட்டசனாவிர் சிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் சொல்லுங்கள். தலைசுற்றி விழுந்தாலும், நெஞ்சு படபடத்தாலும் சொல்ல வேண்டும்.

இனி ஊசி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் இரண்டாவது மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: அட்டசனாவிர் 300, ரிடோனாவிர் 100 மில்லிகிராம். வைரஸோடு சண்டை போடுவது முதலாவது. எச்.ஐ.வி. தன் புரதங்களை ஒரே நீளமான சங்கிலியாகத் தயாரிக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் புது வைரஸுக்கு உயிர் வரும். வெட்டுகிற கத்தரிக்குப் புரோட்டியேஸ் என்று பெயர். கத்தரியைப் பிடித்துக்கொள்வது அட்டசனாவிர். நீங்கள் செக்கிங்கில் பார்க்கிறீர்களே, தைத்தும் வெட்டாமல் தொங்குகிற பீஸ், அதுபோல வைரஸ் வெளியே வரும், எதற்கும் உதவாது.

ரிடோனாவிரின் வேலை வேறு. 1996ல் அதுவும் வைரஸை அடக்கத்தான் வந்தது, ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம், தினமும் இரண்டு வேளை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்க முடியாமல் பலர் விட்டுவிட்டார்கள். பிறகு அதன் இன்னொரு குணம் பயன்பாட்டுக்கு வந்தது: கல்லீரல் பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வாசலைக் கொஞ்சம் ரிடோனாவிரே அடைத்துவிடும். வாசல் அடைபட்டால் அட்டசனாவிர் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். அருமையான உதவி. ஆனால் அந்த வாசல் அட்டசனாவிருக்கு மட்டும் உரியது இல்லை. அதே வழியாகப் போக வேண்டிய வேறு மருந்துகள் வந்தால் அவையும் உள்ளேயே தேங்கும், சாதாரண அளவே விஷ அளவாகும்.

முட்டியில் போடுகிற ஊசி பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு. சில வருடங்களுக்கு முன் இதே வகை மருந்தில் இருந்த ஓர் ஓட்டுநர், தோள்பட்டை வலிக்கு வேறிடத்தில் ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டார். சில வாரங்களில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, தொடைகளில் பலம் குறைந்தது. நான் சர்க்கரைக்கு மாத்திரை எழுதினேன். "ஊசி ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்க எனக்கு அவர் மூன்றாவது முறை வந்தபோதுதான் தோன்றியது. அந்த ஊசி மருந்து வெளியேற வழியில்லாமல் அவர் உடம்பில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தேறி வர மாதங்கள் ஆயின. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வருந்துகிறேன். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அதனால், முட்டிக்கு ஊசி வேண்டாம். எலும்பு டாக்டரிடம் உங்கள் மாத்திரைப் பெயர்களைக் காட்டி, உடற்பயிற்சியும் வேறு வழியும் கேளுங்கள்.

இதே வாசலில் மாட்டிக்கொள்ளும் மற்றவற்றில் அன்றாடம் வரக்கூடியவற்றைச் சொல்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமின் கலந்த மாத்திரை கூடவே கூடாது, கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல் கறுத்துப்போகும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் கூடாது. ஆஸ்துமா இன்ஹேலரில் ஃப்ளூட்டிகசோன், பியூடெசொனைடு இரண்டும் அந்த ஊசி செய்ததையே செய்யும். தூக்க மாத்திரை அல்ப்ரசோலம் அளவுக்கு மீறி மயக்கும்.

காசநோய் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது எப்போது வேண்டுமானாலும் வரலாம். ரிஃபாம்பிசின் எதிர்த் திசையில் வேலை செய்யும்: அடைத்த வாசலை அகலத் திறந்து அட்டசனாவிரை வெளியே தள்ளிவிடும். இரண்டையும் சேர்க்கக் கூடாது, ரிஃபாபியூட்டின் என்ற மாற்று இருக்கிறது. இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று எது வந்தாலும் முதலில் கூட்டு மருந்து மையத்துக்குப் போங்கள்.

இந்தப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் நான்கு மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. புது மருந்து எழுதுகிற டாக்டர் யாராக இருந்தாலும் நீட்டுங்கள், "இவற்றோடு சேருமா?" என்று மட்டும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் எச்.ஐ.வி. மருந்துப் பொருத்தப் பக்கத்தில் அவரே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். படித்துப் புரிந்துகொண்ட டாக்டர் அதை வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். பயம் நியாயமானது. ஆனால் 2017ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், சிகிச்சை தருகிறவர் உங்கள் நிலையை உங்கள் ஒப்புதல் இல்லாமல் பரப்புவதைத் தடுக்கிறது, இதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதையும் தடுக்கிறது. மெடிக்கலில் சீட்டைக் காட்டக் கூச்சமாக இருந்தால் வாங்குவதற்கு முன் மையத்து ஆலோசகருக்கு ஒரு போன் போடுங்கள். 1097 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

மருந்தை மாற்ற முடியாதா என்று உங்கள் மனதில் இருக்கலாம். முடியும். மஞ்சள் மருந்தால்தான் என்று உறுதியான பிறகும் கம்பெனியில் பேச்சு தாங்க முடியவில்லை என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது அற்பக் காரணம் இல்லை. டருனாவிர், லோபினாவிர் என்று இந்தக் கண் மஞ்சளைக் கொண்டுவராத மருந்துகள் இருக்கின்றன. உங்கள் பழைய சிகிச்சையைப் பார்த்து அவர் முடிவு செய்வார். ஆனால் மாற்று மருந்து கைக்கு வரும்வரை இருப்பதை விடக் கூடாது. 2008 ஜனவரியில் தாம்பரத்திலும் மும்பையிலும் அரசு இந்த இரண்டாம் கட்ட மருந்தைத் தொடங்குவதற்கு முன், முதல் மருந்து கேட்காதவர்கள் மாதாமாதம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முடியாதவர்கள் இறந்தார்கள். இதற்கு அடுத்த கட்டமும் இருக்கிறது, ஆனால் மேலே போகப் போகப் படிகள் குறைவு.

மூன்று வாரத்தில் எல்லாம் கெட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்த வகை மருந்துக்கு எதிராக வைரஸ் திமிறுவதற்குப் பல மாற்றங்கள் ஒன்றுசேர வேண்டும், எளிதில் நடக்காது. மாற்றிய ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், உங்களுக்கு அது அடுத்த மாதம். நடந்ததைச் சொன்னால் அந்த முடிவை டாக்டர் சரியாகப் படிப்பார். சொல்லாவிட்டால் மருந்தே தோற்றுவிட்டது என்று நினைத்து மேல் படிக்கு ஏற்றிவிடலாம்.

அம்மாவிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு ஒரு வாக்கியம் போதும், அது பொய்யும் இல்லை: "இந்த மாத்திரையால் வர்ற மஞ்சள்மா, டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கார், பத்தியம் வேண்டாம்னுட்டார்." கம்பெனியில் கேட்கிறவர்களுக்கும் அதுவே. கேஸ் மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் கண் திரும்பவும் மஞ்சளாகும். பயப்படாதீர்கள், மருந்து ரத்தத்துக்குள் போகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மையத்துக்குப் போகும்போது கேஸ் மாத்திரை அட்டை, டைக்ளோஃபெனாக் அட்டை, எலும்பு டாக்டரின் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். மீதி மாத்திரைகளை டப்பாவோடு கொண்டு போங்கள். எண்ணிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு வகையிலும் ஏழு கூடுதலாக இருக்கும். கீழாநெல்லிக் கதையை அப்படியே சொல்லிவிடுங்கள்.